பூச்சி மாத்திரைக்கு மசியாத பூச்சி

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். என் தம்பிக்கு 41 வயது. எடை 68 கிலோவிலிருந்து 54க்கு இறங்கியதால் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எச்ஐவி என்று தெரிந்தது. சிடி4 என்ற எதிர்ப்பு அணு எண்ணிக்கை 62. டோக்சோ (பூனை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி) ஐஜிஜி பாசிட்டிவ். எச்ஐவி மருந்து ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. தினமும் பேக்ட்ரிம் இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குமட்டுகிறது என்று பாதி நாள் விட்டுவிடுகிறான். இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை தண்ணியாகப் போகிறது. மருந்து எதுவும் தொடங்கும் முன் எடுத்த ரத்த அறிக்கையில் 'இயோசினோபில் 1.4' என்பதைச் சிவப்பில் காட்டியிருந்தது, யாரும் விளக்கவில்லை. போன வாரம் இடுப்பிலும் பின்பக்கத்திலும் அரிப்பு என்று பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். எச்ஐவி என்று சொல்லவில்லை. ப்ரெட்னிசோலோன் ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள். இரண்டு நாள் சாப்பிட்டான், எனக்குப் பயமாக இருந்ததால் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நாங்கள் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அம்மா பார்மசியில் பூச்சி மாத்திரை ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார். இப்போது விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்க வேண்டும் என்கிறார். வீட்டில் இரண்டு பூனைகள் உண்டு. என் மகள் நான்கு மாதக் கர்ப்பம். பூனையைக் கொடுத்துவிடலாமா? வயிற்றில் என்ன பூச்சி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பூனைக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை மூன்று: இயோசினோபில் 1.4, தோட்டத்தில் கழிந்த பிள்ளைப்பருவம், எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசோலோன். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான் கவலை. அந்த மாத்திரையை நிறுத்தியது சரி. இரண்டு நாள் மட்டுமே சாப்பிட்டிருப்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவையும் இல்லை. மிச்சத்தை யாருக்கும் கொடுக்காமல் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். இயோசினோபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. 0.5க்கு மேல் போனால் அதிகம். ஒவ்வாமையிலும் ஏறும், எச்ஐவி உள்ளவர்களுக்குச் சில தோல் நோய்களிலும் ஏறும், பேக்ட்ரிம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஏறும். ஆனால் உங்கள் தம்பிக்கு மருந்து தொடங்கும் முன்பே 1.4 இருந்திருக்கிறது, ஆகவே பழியை மருந்தின் மேல் போட முடியாது. தோட்டத்தில் வெறுங்காலோடு வளர்ந்த ஒருவருக்கு இந்த எண்ணைப் பார்த்தால் முதலில் நினைக்க வேண்டிய பெயர் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்.

நூல்போல மெல்லிய புழு இது, வளர்ந்த பெண்புழுவே இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டாது. மலம் கலந்த ஈர மண்ணில் இதன் குஞ்சுகள் இருக்கும். கால் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து, தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, சிறுகுடலில் குடியேறும். இதுவரை கொக்கிப்புழு மாதிரிதான். வித்தியாசம் அடுத்த கட்டத்தில். மற்ற குடற்புழுக்களில் பெரும்பாலானவற்றின் முட்டை வெளியே போய்த்தான் வளர வேண்டும், அதனால் புதிதாகத் தொற்றாவிட்டால் சில ஆண்டுகளில் அவை தாமாகவே அற்றுப்போகும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸின் முட்டை குடலுக்குள்ளேயே பொரித்துவிடும். குஞ்சுகளில் சில வெளியேறும் முன்பே முற்றி, குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றிய தோலையோ துளைத்து மறுபடி உள்ளே நுழைந்துவிடும். இப்படி வெளி மண்ணின் தயவே இல்லாமல் ஆயுள் முழுக்க ஒருவருக்குள் இருக்க முடியும். சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்து ஊர் திரும்பிய ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகளிடம் 30 ஆண்டுக்கும் மேல் கழித்து இந்தப் புழுவைக் கண்டுபிடித்தார்கள். நம் தோட்டத்து ஆட்களும் அதே மண்ணில்தான் நின்றார்கள். எனவே "தோட்டத்தை விட்டு வந்து இருபத்தைந்து வருஷம் ஆச்சே" என்பது இங்கே பதிலாகாது.

சாதாரண நாளில் இது பெரிய தொல்லை தராது. ஸ்டீராய்டு உள்ளே போகும்போதுதான் கணக்கு மாறும். குஞ்சுகள் மளமளவென்று பெருகிக் கூட்டமாகக் குடல் சுவரைத் துளைக்கும். போகும்போது குடலில் இருக்கும் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துப் போகும். வயிற்றுவலி, வயிறு உப்பல், இருமல், இளைப்பு, பிறகு ரத்தத்தில் கிருமி, சில சமயம் மூளைக்காய்ச்சல். இந்த நிலைக்கு வந்தவர்களில் பலர் பிழைப்பதில்லை. இன்னொரு வம்பு, அந்தக் கட்டத்தில் இயோசினோபில் இறங்கிச் சாதாரணமாகத் தெரியலாம். எச்ஐவி மட்டும் இருப்பதால் இந்த விபரீதம் அடிக்கடி நடப்பதில்லை. ஸ்டீராய்டு சேரும்போதுதான் அதிகம். எச்ஐவியோடு இருப்பவருக்கு ஸ்டீராய்டு நிஜமாகவே தேவைப்படும் நாளும் வரலாம். கடுமையான நிமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்கு ப்ரெட்னிசோலோன் கொடுப்பார்கள், மூளை வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் கொடுப்பார்கள், எச்ஐவி மருந்து ஆரம்பித்தபின் காசநோய் சீறினாலும் கொடுப்பார்கள். அப்படி ஓர் இரவு அவசரப் பிரிவில் நின்றுகொண்டு இந்தப் புழுவைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. இப்போதே தீர்த்துவிடச் சொல்வது அதற்காகத்தான்.

அரிப்பை நன்றாகப் பாருங்கள், கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆசனவாயிலிருந்து பிட்டம், தொடை, இடுப்புப் பக்கமாகத் தடித்த கோடுபோல் கிளம்பி, ஒரு மணி நேரத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் நகர்ந்து, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மறைந்து, பிறகு வேறிடத்தில் வந்தால் அது தோலுக்கடியில் ஓடும் குஞ்சுதான். பேனாவால் கோட்டின் முனையில் ஒரு புள்ளி வைத்து அரை மணி கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு, அதுவும் ராத்திரியில் அதிகம், வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறது என்றால் சொறிசிரங்கு. பேக்ட்ரிம் ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் உடம்பு முழுக்கச் சிவந்த புள்ளிகளாக வரும், காய்ச்சலும் சேரலாம்.

அம்மா வாங்கிக் கொடுத்தது அல்பெண்டசோல் 400 மில்லிகிராமாக இருக்கும். தப்பில்லை, கெடுதலும் செய்யாது. உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் நன்றாக வேலை செய்யும். சாட்டைப்புழுவுக்குச் சுமார்தான். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு ஒரு மாத்திரை போதவே போதாது; ஒரு வாரம் தினம் இரு வேளை கொடுத்தாலும் ஐவர்மெக்டினுக்கு ஈடாகாது. ஐவர்மெக்டின் அளவு, எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 54 கிலோவுக்கு 11 மில்லிகிராம் அளவில் வரும், அதாவது 3 மில்லிகிராம் மாத்திரை நான்கு, வெறும் வயிற்றில் தண்ணீரோடு. ஒரே நாளா, அடுத்தடுத்து இரண்டு நாளா, இரண்டு வாரம் கழித்து மறுபடியுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். எச்ஐவி கிளினிக் வழியாகவே கேளுங்கள். ஆன்லைனில் விற்பதும், ஆடுமாடுகளுக்குப் போடும் ஊசிமருந்தும் பசையும் வேண்டவே வேண்டாம்; அந்த அளவுகள் வேறு.

இதற்கான ரத்தப் பரிசோதனை உண்டு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் செரோலஜி என்று கேளுங்கள். ஆனால் சிடி4 இவ்வளவு குறைவாக இருக்கும்போது உடம்பு போதுமான எதிர்ப்புப் புரதம் செய்யாததால், புழு இருந்தும் நெகட்டிவ் வரலாம். மலத்தில் ஒரே ஒரு முறை தேடினால் பெரும்பாலும் தப்பிவிடும். தோட்ட வளர்ப்பு, 1.4, போதாக்குறைக்கு ஸ்டீராய்டும் போயிருக்கிறது. என் கணக்கில் மாதிரிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, அறிக்கைக்குக் காத்திராமல் ஐவர்மெக்டின் கொடுத்துவிடுவதே நியாயம். இதே வார்த்தையில் தம்பியின் மருத்துவரிடம் கேட்கலாம். பெரும்பாலான தொற்றுநோய் நிபுணர்கள் மறுக்க மாட்டார்கள்.

அடுத்தது வயிற்றுப்போக்கு. இதற்கும் அந்தப் புழுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிடி4 100க்குக் கீழே, ரத்தம் இல்லாமல் தண்ணியாக, மாதக்கணக்கில் என்றால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணிதான் முன்வரிசையில் நிற்கும். கூடவே மைக்ரோஸ்போரிடியா, சிஸ்டோஐசோஸ்போரா, ஜியார்டியா. இவற்றில் சிஸ்டோஐசோஸ்போரா பேக்ட்ரிமுக்கே கட்டுப்படும், ஒழுங்காகச் சாப்பிட்டால். ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகள் பொதுவாக இயோசினோபிலை ஏற்றாது, இது விதிவிலக்காக ஏற்றலாம், ஆகவே 1.4க்கு இதையும் ஒரு காரணமாக மனத்தில் வைக்க வேண்டும். ஒட்டுண்ணி அல்லாத காரணங்களும் உண்டு: காசநோய்க் குடும்பத்துக் கிருமிகள், சிஎம்வி வைரஸ், சாப்பிடும் மருந்துகள்.

பரிசோதனை எங்கே சறுக்குகிறது தெரியுமா? படிவத்தில் "மலம், முட்டை, ஒட்டுண்ணி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பல ஆய்வகங்களில் கிரிப்டோஸ்போரிடியத்தைத் தேடவே மாட்டார்கள். அது 4 முதல் 6 மைக்ரான் அளவுதான், சாதாரணமாகப் பார்த்தால் ஈஸ்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. "மாடிஃபைட் ஆசிட்-ஃபாஸ்ட் ஸ்டெயின்" என்று தனியாக எழுத வேண்டும், மைக்ரோஸ்போரிடியாவுக்கு "ட்ரைக்ரோம்" நிறமேற்றல் வேறு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு "அகார் தட்டு வளர்ப்பு" என்று எழுத வேண்டும். நீங்களே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாதிரி மூன்று வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கழிப்பறைத் தண்ணீரும் சிறுநீரும் கலக்கக் கூடாது: வெளித் தண்ணீரில் வேறு புழுக்குஞ்சுகள் இருக்கலாம், சிறுநீர் ஒற்றைச்செல் உயிர்களைக் கொன்றுவிடும். கழிப்பறைக் கோப்பையின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து அதிலிருந்து எடுப்பது எளிது. தண்ணியாகப் போனால் அரை மணிக்குள் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். ஆயர் ஈத்தாம் நெரிசலில் அது நடக்காது, ஆகவே மாதிரியைக் கெடாமல் காக்கும் மருந்து ஊற்றிய டப்பாவை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், அல்லது கிளினிக்கிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். வளர்ப்புக்குப் போகும் மாதிரியில் மருந்தும் கூடாது, அதை ஃபிரிஜ்ஜிலும் வைக்கக் கூடாது. குஞ்சுகள் உயிரோடு இருந்தால்தான் தட்டில் ஊர்ந்து தடம் போடும். விளக்கெண்ணெய் வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம், எண்ணெய் கலந்த மலத்தை நுண்ணோக்கியில் சரியாகப் பார்க்க முடியாது. முக்கியமான காரணம் அம்மாவுக்கே தெரியும்: 14 கிலோ இழந்து தினம் ஐந்தாறு முறை போகிறவருக்கு யாராவது பேதிக்குக் கொடுப்பார்களா?

நாட்டு மருந்து பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பு தேறும், அரிப்பு போகும், மூட்டுவலி தீரும் என்று விற்கும் பதிவில்லாத ஜாமு, மாஜுன் வகைகளில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. சாப்பிட்டதும் பசியெடுக்கும், முகம் உப்பும், "மருந்து வேலை செய்கிறது" என்று தோன்றும். வேலை செய்வது ஸ்டீராய்டு. டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இல்லாத எதுவும் தம்பியின் வாய்க்குப் போகக் கூடாது.

கிரிப்டோஸ்போரிடியமாக இருந்தால் அதை நேரடியாக ஒழிக்கும் நம்பகமான மருந்து இல்லை. நைட்டசாக்சனைடு கொடுத்துப் பார்க்கலாம், சிடி4 குறைந்தவர்களுக்குப் பலன் கொஞ்சம்தான். உண்மையான சிகிச்சை எச்ஐவி மருந்துதான். எதிர்ப்பு சக்தி ஏற ஏறப் போக்கு தானாக நிற்கும். அதுவரை நீரும் உப்பும் இழக்காமல் பார்த்துக்கொள்வதே வேலை. உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சீனியைக் கூட்டினால் போக்கு அதிகமாகும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், பேக்ட்ரிமும் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகக் கணக்கும் பொட்டாசியமும் சரியாக இருந்தால் மட்டும் குடிக்கட்டும். எச்ஐவி மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருந்தால், வயிற்றுக்கென்று வாங்கும் ஆன்டாசிட், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ அதைச் சாப்பிட வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது.

குடிதண்ணீர். குழாய்த் தண்ணீரில் போடும் குளோரின் கிரிப்டோஸ்போரிடியத்தை ஒன்றும் செய்யாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் எச்ஐவி முற்றியவர்கள். வீட்டு வாசலில் நிற்கும் எஃகு மணல் ஃபில்டரும் கரி ஃபில்டரும் மண்ணையும் வாடையையும் எடுக்கும், இதை எடுக்காது. ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் செத்துவிடும். மின்கெட்டில் என்றால் கொதித்து அணைந்தபின் மூடியைத் திறக்காமல் அப்படியே ஆறவிடுங்கள். வெளியே சாப்பிடும்போது சூடான தே தாரிக் தேநீர் பரவாயில்லை. ஐஸ், பச்சையாகத் தின்னும் ஊலாம் இலைகள், அரைவேக்காட்டுக் கெராங் சிப்பி சிடி4 ஏறும்வரை வேண்டாம். கை கழுவ சோப்பும் தண்ணீரும்தான். ஆல்கஹால் ஜெல் இந்த ஒட்டுண்ணியிடம் பலிக்காது. இதுவும் ஜியார்டியாவும் வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றக்கூடியவை என்பதால் கழிப்பறைக்குப் பின் கை கழுவுவதில் கண்டிப்பாக இருங்கள்.

இப்போது டோக்சோவும் பேக்ட்ரிமும். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்த டோக்சோபிளாஸ்மா தம்பியின் மூளையிலும் தசையிலும் முடிச்சாக உறங்குகிறது என்று பொருள். கோலாலம்பூரில் எச்ஐவி உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இப்படித்தான் இருந்தது, அபூர்வமில்லை. சிடி4 100க்குக் கீழே போனால் அது விழித்துக்கொள்ளலாம். தடுப்பு மருந்து இல்லாவிட்டால் இந்த நிலையில் ஓராண்டுக்குள் மூன்றில் ஒருவருக்கு மூளைத் தொற்று வரும் என்பது எச்ஐவி மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு. அந்த இரண்டு மாத்திரை, அதாவது 960 மில்லிகிராம், இதையும் நிமோசிஸ்டிஸ் நிமோனியாவையும் சேர்த்துத் தடுக்கிறது. பாதி நாள் விடுவது சூதாட்டம். குமட்டினால் சாப்பாட்டுக்கு நடுவில் சாப்பிடட்டும், அப்போதும் தாங்காவிட்டால் மருத்துவரிடம் சொல்லி மாற்றட்டும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தார்களா, கேளுங்கள். இருந்தால் பேக்ட்ரிம் ரத்த அணுக்களை உடைக்கலாம். மாற்றாகச் சொல்லப்படும் டாப்சோனும் அதே வம்பைச் செய்யும். லேசான தடிப்புக்கு அவராக நிறுத்த வேண்டாம், ஆனால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். கொப்புளம், வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அடுத்த வேளை மாத்திரை கிடையாது, நேரே அவசரப் பிரிவு. புதிதாகத் தலைவலி, குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல் வந்தாலும் நேரே அவசரப் பிரிவுதான். போனதும் "எச்ஐவி, சிடி4 62, டோக்சோ ஐஜிஜி பாசிட்டிவ்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் மறைத்ததன் விலையைத்தான் போன வாரம் பார்த்தீர்கள். நோயைச் சொல்ல மனமில்லாவிட்டால் மருந்துச் சீட்டையாவது நீட்டுங்கள், மருத்துவருக்குப் புரியும்.

பூனையைக் கொடுக்க வேண்டியதில்லை. தம்பிக்கு ஏற்கெனவே வந்த தொற்று அது, பூனை போனாலும் முடிச்சு போகாது. கவனிக்க வேண்டியது உங்கள் மகளைத்தான். கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தைக்குப் போகலாம். தம்பியிடமிருந்து அவருக்கு வராது. பூனை மலம், தோட்ட மண், கழுவாத கீரை, வேகாத ஆட்டிறைச்சி வழியாக வரலாம். பூனையின் மலத்தில் வரும் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும், எனவே மணல் தட்டைத் தினமும் காலி செய்துவிட்டால் ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். அதை நீங்கள் கையுறை போட்டுச் செய்யுங்கள், மகளும் தம்பியும் வேண்டாம். பூனைகளுக்குப் பச்சைக் கோழி, மீன் கழிவு போடாமல் வேகவைத்ததோ டப்பா உணவோ கொடுங்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். மகள் தன் கர்ப்பகால மருத்துவரிடம் டோக்சோ ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்கலாம்.

பேக்ட்ரிம் ஆயுள் முழுக்க அல்ல. எச்ஐவி மருந்தால் வைரஸ் அடங்கி, சிடி4 200க்கு மேல் ஏறி மூன்று மாதம் அங்கேயே நின்றால் மருத்துவர் நிறுத்தச் சொல்வார். ஐவர்மெக்டின் கொடுத்தால் சில வாரங்களில் இயோசினோபில் இறங்குகிறதா என்று சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே பார்க்கலாம். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் செரோலஜி முதலில் பாசிட்டிவாக வந்திருந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து அளவு குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். அதே தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தவர்கள் நீங்களும் அம்மாவும்தான். அம்மாவுக்கு மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ யாராவது ஸ்டீராய்டு எழுதும் முன் அவருக்கும் இந்தப் பரிசோதனையை ஒரு முறை எடுத்துவிடுங்கள்.